ஈரத்துணி சொல்லும் பாடம்



லேபில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரில் 'வெட் பல்ப்' ரீடிங் எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நம் உடம்பும் அப்படித்தான். வியர்வை ஆவியானால்தான் குளிரும். புழுக்கத்தில் அது ஆவியாகாது. வெட் பல்ப் 35 டிகிரிதான் மனிதனின் எல்லை என்று 2010-ல் கணக்கிட்டார்கள். 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான இளைஞர்களையே சோதித்தார்கள். ஈரக்காற்றில், லேசான வேலைக்கே, சுமார் 31 டிகிரியில் உடல்சூடு கட்டுப்பாடின்றி ஏற ஆரம்பித்துவிட்டது!

சைட்டில் வேலை வாங்குகிற நாம் இதை மறக்கலாமா? வெயில் வேலையில் இறப்பவர்களில் பலர் சேர்ந்து சில நாளே ஆனவர்கள். புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரமே வெயில்; பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றும் எஸ்டிமேட்டிலேயே ஏறட்டும்.