முதல் கீறல் எங்கே?

வீட்டுக் கூடத்தில் பால் கொட்டிக் கிடக்கிறது. பாத்திரம் ஓட்டையா, கொண்டுவந்தவர் கால் தடுக்கியதா? முதல் சொட்டு எங்கே விழுந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ரயில் விபத்திலும் அப்படித்தான்.

2020 ஜூலையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டெம்பி நகரில் ஏரிப் பாலத்தின்மேல் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. தீப்பிடித்தது. பாலத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நூறு வயது தாண்டிய பாலம் வேறு! பழியை அதன் தலையில் போடத்தான் தோன்றும். ஆனால் பாலம் இடிந்ததால் ரயில் புரண்டதா, ரயில் புரண்டதால் பாலம் இடிந்ததா?

இப்படிப்பட்ட விபத்துகளில் பதில் பல நேரம் பாலத்துக்கு முன்னாலேயே கிடக்கும். தண்டவாளத்தை விட்டு இறங்கிய சக்கரம் ஸ்லீப்பர் கட்டைகளைக் கீறிக்கொண்டே போகும். அந்த முதல் கீறலைத்தான் தேடுவார்கள். அது பாலத்துக்கு முன்பே இருந்தால், வண்டி தடம்புரண்ட பிறகுதான் பாலத்தில் ஏறியிருக்கிறது. வெயிலில் தண்டவாளம் நெளிந்திருக்கலாம். விரிசல் விட்டிருக்கலாம். அச்சு முறிந்திருக்கலாம். சரக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம்.

முன்னால் கீறலே இல்லையா? அப்போது பாலத்தைச் சந்தேகிக்கலாம். வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்திருக்கக்கூடும்.

தடம்புரண்ட வண்டிக்குப் பாலத்தில் ஒதுங்க இடம் ஏது? அதனால்தான் பல பாலங்களில், தண்டவாளங்களுக்கு உள்பக்கமாக இன்னொரு ஜோடி தண்டவாளம் போடுகிறார்கள். இறங்கிய சக்கரத்தை அது ஓரத்துக்குப் போகவிடாது. அடுத்த முறை ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பக்கத்துத் தடத்தைக் கவனியுங்கள். இரண்டுக்குப் பதில் நான்கு தெரியலாம்.