பாளையக்காரரும் விண்வெளிப் பிரபுவும்

(நம் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் நம் செயலாளர், "என்னய்யா இது, ஜமீனுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். இருக்கிறது. பத்து நிமிஷம் கொடுங்கள்.

1965-ஆம் ஆண்டு இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று, வரலாற்றுப் பேராசிரியர் ஆர். எஸ். சர்மாவின் 'இந்திய நிலப்பிரபுத்துவம்'. மற்றொன்று, அமெரிக்கர் ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' என்ற அறிவியல் நாவல். முதலாவதைப் பரீட்சைக்காகப் படித்தேன். இரண்டாவதை ரயிலில் படித்தேன். ரயிலில் படித்ததுதான் நம்ம ஊர்க் கதை மாதிரி இருந்தது!

டியூனில் கிரகம் விட்டுக் கிரகம் போகும் கப்பல்கள் உண்டு. ஆனால் ஓட்டுப் பெட்டி கிடையாது. ஒரு பேரரசர், அவருக்குக் கீழே கோமகன்கள். ஆளுக்கொரு கிரகம். லெட்டோ என்ற கோமகனுக்கு அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தைப் பேரரசர் ஜாகீர் மாதிரி எழுதிக் கொடுக்கிறார். கொடுத்த கையோடு, லெட்டோவின் செல்வாக்குக்குப் பயந்து, அவருடைய பகையாளியோடு சேர்ந்து தன் படையையே மாறுவேஷத்தில் அனுப்பி அவரை ஒழிக்கிறார்.

இத்தனை விஞ்ஞானம் வளர்ந்த பிறகும் எதற்கய்யா ராஜாவும் பிரபுவும் என்று நான் யோசித்தது உண்டு. விடை நம் காலடியிலேயே கிடக்கிறது. தூரம்தான் காரணம். மேலே இருப்பவரின் கை எட்டாத இடத்தில் அதிகாரத்தைக் குத்தகைக்கு விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

உடையார்பாளையத்தையும் அரியலூரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் அந்தக் காலத்தில் முள்ளுக்காடு. உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார் மரபு, அரியலூரில் மழவராயர் மரபு. பாளையக்காரர் காவல் காப்பார், வரி வாங்குவார், வழக்குத் தீர்ப்பார், கூப்பிட்டால் படையோடு போவார். மதுரை நாயக்கர் சீமையில் மரபாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலிடத்துக்கு, ஒரு பங்கு படைச்செலவுக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. (உழுதவனுக்கு என்ன பங்கு என்று அந்தக் கணக்கில் இல்லை. கவனித்தீர்களா?)

தூரத்துக்கு நல்ல பலனும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முகலாயப் படைக்கு அஞ்சிக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் திருமேனியை எங்கே கொண்டுவந்து ஒளித்தார்கள்? நம் உடையார்பாளையத்துக் காட்டில்தான். ஆபத்து நீங்கியபின் திருப்பிக் கேட்டபோது இங்கிருந்த தலைவர், "தர மாட்டேன்" என்று விட்டார். பெருமாள் மேல் அவ்வளவு பிரியம். பிறகு ஆத்தான் ஜீயர் முயற்சியால், லாலா தோடர்மால் படைபலத்தைக் காட்டி, 1710-இல் காஞ்சிக்கு மீட்டுக்கொண்டு போனார்கள். காஞ்சிக் கோயில் கல்வெட்டே இதைச் சொல்கிறது. காப்பாற்றியவரும் அவரே, விடமாட்டேன் என்றவரும் அவரே. பாளையக்காரரை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

டியூனில் வருவது போன்ற காட்சி இங்கேயும் நடந்தது. 1765-இல் ஆற்காட்டு நவாபின் படை, கம்பெனித் துருப்புகளையும் சேர்த்துக்கொண்டு வந்து இரண்டு பாளையங்களையும் பிடித்தது. நாவலில் விண்கப்பல்களை எல்லாம் கையில் வைத்திருக்கும் ஒரு வர்த்தக சங்கம் வரும். பேரரசரே அதன் தயவில்தான் நகர முடியும். கம்பெனியிடம் கடன்பட்டுக் கிடந்த நவாபை நினைத்துக்கொண்டு படித்தால் புரியும். 1801-இல் கர்நாடகமே கம்பெனி கைக்குப் போனது. 1817-இல் நம் பாளையக்காரர்கள் சன்னது வாங்கி ஜமீன்தார்கள் ஆனார்கள். படை போச்சு, காவல் உரிமை போச்சு; பேஷ்கஷ் கட்டும் கடமை மிஞ்சியது. கனம் கிருஷ்ணையர் போன்ற சங்கீத மேதைகளை ஆதரித்தது இந்த சமஸ்தானம்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

இனி அடுத்த பக்கம். நம் சுஜாதா எண்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'. அதில் பிரபுவே கிடையாது, தூரமும் கிடையாது. யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் இல்லை. பிள்ளை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டும். எல்லாரும் பதிவேட்டில். ஆளுகிற ஜீவாவோ நிஜ மனிதனே அல்ல, ஒளியால் ஆன வெறும் உருவம். அங்கே போய்ப் பெருமாளை ஒளித்து வைக்க ஒரு புதர் கிடைக்காது.

ஆக, பட்டியலில் பெயர் ஏறுவது விடுதலையா, விலங்கா? இந்தக் கேள்வியைத்தான் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து கேட்கிறேன்.

எங்கள் தாத்தா ஒரு ஜமீன் கிராமத்தில் குடியானவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கச்சேரி வாசலில் நின்றவர். "வெள்ளாமை நம்முளுது, கணக்கு கணக்குப்புள்ளையோடது" என்பார். 1908-ஆம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டம் குடியானவனுக்குச் சாகுபடி உரிமை கொடுத்ததெல்லாம் அவர் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு சர்வே ஆட்கள் சங்கிலியோடு வந்தார்கள். ரயத்துவாரி பட்டா வந்தது. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் காகிதத்தில் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் டிரங்குப் பெட்டி திறக்கும்.

சில வருஷங்களுக்கு முன் அதே நிலத்துக்குக் கம்ப்யூட்டர் பட்டா எடுக்கப் போனேன். "சிஸ்டத்துல அப்படி ஒரு பேரே இல்லைங்க ஐயா" என்றார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? திட்டுவதற்கு ஜமீன்தார் இல்லை, காலில் விழ மணியக்காரர் இல்லை. திரையில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஜீவா ஞாபகம்தான் வந்தது.

நாலாவது தடவை டிரங்குப் பெட்டிக் காகிதத்தையே கொண்டுபோனேன். அங்கே இருந்த ஒரு சின்னப் பெண், பேத்தி வயசு, மடிப்பு கிழியாமல் பிரித்து, விரல் வைத்து வைத்துப் படித்தாள். தாத்தா பெயரில் ஓர் எழுத்து தப்பாக ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தது அவள்தான். "மனு எழுதிக் குடுங்க சார், மாத்திடலாம்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது துண்டு என் தோளிலேயே கிடந்தது.