காந்தமாக்கலா, காந்தமேற்றலா?



ஒரு கலைச்சொல் பொருந்துமா என்பதை அகராதி மட்டும் தீர்மானிக்க இயலாது. அச்சொல் குறிக்கும் செயலை முதலில் அறிதல் வேண்டும். இதற்கு நாம் இன்று எடுத்துக்கொள்ளும் சான்று, உயர்வெப்பநிலை மீக்கடத்திக் கட்டிகளைத் துடிப்புக் காந்தப்புலத்தால் காந்தமாகச் செய்யும் முறையாகும்.

1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னெஸ், பாதரசத்தை ஏறத்தாழ 4.2 கெல்வின் வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை மறைவதைக் கண்டார். 1986இல் பெட்நோர்ஸ், முல்லர் ஆகிய இருவரும் செம்பு ஆக்சைடுப் பீங்கான்களில் புதிய வழி திறந்தனர். அடுத்த ஆண்டே, 90 கெல்வினுக்கு மேலும் மீக்கடத்தும் பொருள் கிடைத்தது. 77 கெல்வினில், அஃதாவது −196 பாகை செல்சியசில், கொதிக்கும் திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும். அக்கடுங்குளிரை 'உயர்வெப்பநிலை' என்பது பழைய மீக்கடத்திகளோடு ஒப்பிட்டே.

இரும்பாணியைக் காந்தத்தால் ஒரே திசையில் தேய்த்தால் அதனுள் இருக்கும் சிறுசிறு காந்தப் பகுதிகள் ஒருமுகப்படுகின்றன. இரும்பே காந்தமாகிறது, ஆகவே 'காந்தமாக்கல்' என்னும் சொல் அங்குப் பொருந்துகிறது. மீக்கடத்திக் கட்டியில் நிகழ்வது வேறு. வெளியிலிருந்து காந்தப் பாயம் இழையிழையாக உட்புகுகிறது. கட்டியினுள் விரவியுள்ள நுண்ணிய குறைகள் அவ்விழைகளைப் பற்றிக்கொள்கின்றன. புறப்புலம் நீங்கிய பின்னும் கட்டிக்குள் மின்னோட்டம் தடையின்றிச் சுழன்று, புலத்தை நிலைநிறுத்துகிறது.

இவ்வாறு பற்றுதலை ஆங்கிலம் குண்டூசி குத்தி நிறுத்தலாகக் காண்கிறது. தமிழர்க்கு நினைவில் வருவது கட்டுத்தறி. ஆயினும் 'தறிப்பு' எனச் சொல்லாக்கினால், தறித்தல் வெட்டுதலையும் குறிப்பதால் பொருள் தலைகீழாகிவிடும். எனவே 'பிணிப்பு' என்பதே தக்கது.

இனி, பாயத்தை உட்செலுத்துவது எவ்வாறு? ஒரு முறையில், கட்டியை வலிய புலத்தில் வைத்துக் குளிர்வித்து, பின்னர்ப் புலத்தை மெல்ல விலக்குவர். 2014இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் குழு, கடோலினியம் கலந்த இரு வில்லைகளுக்கிடையே 26 கெல்வினில் 17.6 டெஸ்லா புலத்தை இம்முறையில் சிறைப்படுத்தியது. ஆனால் சிறைப்படுத்த விரும்பும் அளவேனும் புலம் தரும் பெருங்காந்தம் இதற்கு வேண்டும். அதனை மின்னோடிக்குள் பொருத்துதல் அரிது.

மற்றொரு முறையே துடிப்பு முறை. மின்தேக்கிகளில் சேர்த்த ஆற்றலைச் செம்புக் கம்பிச்சுருளில் ஒரே வீச்சில் பாய்ச்சுவர். புலம் ஏறத்தாழ ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் உச்சத்தை எட்டும். கருவி சிறிது; செலவும் குறைவு. இடர் வெப்பத்தில் இருக்கிறது. பாய இழைகள் பிணிப்புகளை மீறி விரைந்து புகும்போது வெப்பம் பிறக்கிறது. பீங்கான் அதனை எளிதில் வெளியேற்றாது. கட்டி சூடேற, பிணிப்பு தளர்கிறது. புகுந்த பாயம் நழுவுகிறது. மேலும் குளிர்வித்தாலோ பிணிப்பு வலுத்து, பாயம் புகவே பெருந்துடிப்பு தேவைப்படும். அதனால் வெப்பமும் மிகும்.

ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் புஜிஷிரோ குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். சற்றுயர்ந்த வெப்பநிலையில் சிறு பாயத்தை முதலில் புகுத்தி, பின்னர்க் குளிர்வித்து வலிய துடிப்புகளைத் தந்தனர். 2006இல் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையில், 30 கெல்வினில், 5.2 டெஸ்லா நின்றது.

5.2, 17.6 என்னும் இவ்வெண்களின் இடைவெளியை 'ஆக்கல்' விளக்காது, 'ஏற்றல்' விளக்கும். குறுகிய வாய்க் குடத்தில் மெல்ல ஊற்றிய நீர் தங்கும். கொட்டிய நீர் வழியும். கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்கிறோம். ஏற்றியது இறங்கும் என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. மீக்கடத்திக் கட்டியும் குளிர் நீங்கினால் தன் காந்தத்தை இழக்கும். ஆகவே இரும்புக்குக் காந்தமாக்கல், மீக்கடத்திக்குக் காந்தமேற்றல் எனப் பிரித்து வழங்குவோம்.

மாணவர் ஒருவர் "ஏன் ஏற்றல் என்கிறோம்?" என வினவினால், அவ்வினாவிலேயே பாடம் தொடங்கிவிடும். அத்தகைய வினாவை எழுப்பும் சொற்களைத் தேர்ந்து வழங்குதல் ஆசிரியர்களாகிய நம் கடமை.