மனை இல்லாத சகோதரிக்கு வீடு எப்போது?

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வீட்டுவசதி பற்றி ஆற்றிய உரையின் சுருக்கம்)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று வீட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் குழுக்களின் கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கீற்று மாற்ற, இடிந்த சுவரைக் கட்ட, தார்ப்பாய் வாங்க என்று எத்தனை கடன்! ஐப்பசி மழைக்கு முன்னால் வாங்குகிற கடன் அடைவதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடுகிறது. ஒழுகாத வீடு ஒன்று இருந்தால் அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போகும்.

அரசு வீடு தரவில்லையா என்று கேட்டால், தந்துகொண்டுதான் வந்திருக்கிறது. நாம் 'தொகுப்பு வீடு' என்று சொல்கிறோமே, அந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86ல் தொடங்கியது. 2010ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011ல் பசுமை வீடுகள் திட்டம், 2016ல் பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டம், 2024ல் கலைஞரின் கனவு இல்லம் என்று அடுத்தடுத்து வந்தன. எவ்வளவோ பேர் கான்கிரீட் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அப்படியும் நம் குழுக்களில் குடிசையில் இருப்பவர்கள் ஏன் மிச்சமிருக்கிறார்கள்? மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதல் காரணம்: மனை

வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் "உன் இடத்தில் நீ கட்டிக்கொள், பணம் தருகிறோம்" என்கிற முறையில் நடக்கின்றன. சரிங்க, இடமே இல்லாதவங்க எங்கே கட்டுவாங்க? மாமனார் மனையில் ஒண்டியிருக்கிறவர், புறம்போக்கில் குடிசை போட்டவர், பண்ணையார் நிலத்து ஓரத்தில் இருப்பவர் எல்லோரும் பட்டா இல்லை என்று திரும்பி வருகிறார்கள். அதிகமாகத் தேவைப்படுகிறவர்தான் முதலில் விடுபடுகிறார்.

இதை மாற்ற முடியாதா? முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கேரளாவில் 1970ல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்குக் கிராமங்களில் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை தந்தது. தமிழ்நாட்டிலும் 1971ல் குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் வந்து, விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. கீழத்தஞ்சைப் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா 1981ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரிலேயே நிலம் வாங்கிக் கொடுத்தார். பிறகு செங்கல் அறுத்து வீடு கட்டும் வேலையும் நடந்தது. முதலில் நிலம், பிறகு வீடு. வரிசை அதுதான்.

மத்திய அரசின் திட்டத்தில் 2009ல் மனை வாங்க 10,000 ரூபாய் தரப்பட்டது. 2013ல் அது 20,000 ஆனது. பல ஊர்களில் ரோட்டுப் பக்கம் ஒரு சென்ட் வாங்கக்கூட அது போதாது. ஆனால் 2016 திட்டத்தின் வழிகாட்டி விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியலில் உள்ள ஒருவருக்கு நிலம் இல்லையென்றால், அரசு நிலமோ வேறு நிலமோ கிடைக்க மாநில அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. நாம் கெஞ்ச வேண்டியதில்லை. விதியைச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது காரணம்: தொகை

சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு மத்தியத் திட்டம் 2004ல் 25,000, 2008ல் 35,000, 2010ல் 45,000, 2013ல் 70,000, 2016ல் 1,20,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. 2024ல் திட்டத்தை மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தபோதும் அதே 1,20,000தான். எட்டு வருஷத்தில் சிமெண்டும் கம்பியும் கொத்தனார் கூலியும் அப்படியே நின்றதா? தமிழ்நாடு அரசு கூரைக்குத் தனியாகப் பணம் சேர்த்துத் தந்தது. கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் என்று வைத்தார்கள். கேரளாவின் லைஃப் திட்டத்தில் 4 லட்சம்.

பணம் குறையும்போது என்ன நடக்கிறது? பில் தொகை அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. அடுத்த கட்டத்தை முடித்தால்தான் அடுத்த பணம். நடுவில் வெளியே மூணு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் வருஷத்துக்கு 36,000 ரூபாய் வட்டி. குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கினால் 12,000. மிச்சம் 24,000. ஆகவே வீட்டுத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் திருத்த வேண்டும், வேலை தொடங்கும்போதே முன்பணம் தர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். வேலை முடியும் வரை கைமாற்றுக்குக் கூட்டமைப்பில் தனி நிதியும் வைக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்: பட்டியல்

யாருக்கு வீடு என்ற பட்டியலைக் கிராம சபை சரிபார்க்க வேண்டும். ஆனால் நம்மில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பு வேலைக்கு ஓடி வந்துவிடுகிறோம். பட்டியலைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டதுண்டா? வீடு இருப்பவர் பெயர் உள்ளே இருக்கும், கைம்பெண் ஒருவரின் பெயர் வெளியே இருக்கும். கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் இது நடக்கிறது.

இனி நாம் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு குழுவும் தன் தெருவைக் கணக்கெடுக்க வேண்டும். குடிசை எத்தனை, மனை இல்லாதவர் யார், ஒரே வீட்டில் எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள். குழுவில் இல்லாதவரையும் விடாதீர்கள்.

2. ஊரில் ஆட்சேபணை இல்லாத அரசு புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணோடு கேளுங்கள். ஏரி, குளம், வாய்க்கால் இடத்துக்குப் பட்டா கேட்க வேண்டாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் கேளுங்கள்.

3. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். பட்டியலோடு சேர்ந்து போங்கள். "மனை இல்லாத இத்தனை குடும்பத்துக்கு முதலில் மனை" என்று தீர்மானம் போடச் சொல்லி, நகல் வாங்குங்கள்.

4. பட்டா பெண் பெயரில் அல்லது இருவர் பெயரில் இருக்கட்டும். நாளைக்கு யாரும் நம்மை வெளியே போ என்று சொல்ல முடியாது.

5. பில் பாஸ் ஆக யாராவது பணம் கேட்டால் தனியாகப் பேசாதீர்கள். கூட்டமைப்பில் சொல்லி, எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஒருத்தி தனியாக மனு கொடுத்தால் அது காகிதம். ஊரே சேர்ந்து கணக்கோடு தீர்மானம் கொடுத்தால் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிப் பல ஊராட்சிகளிலிருந்து ஒரே கோரிக்கை போனால்தான் மேலே இருக்கிற திட்டமும் மாறும். அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் தெருக் கணக்கு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்து சேரட்டும்.