யானைக்கும் ஒரு கணக்கு, விவசாயிக்கும் ஒரு கணக்கு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



மலையடிவாரத் தோட்டத்தில் யானை புகுந்த வீடியோ நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வருகிறது. "பாவம் யானை, அதன் காட்டை மனுஷன் பிடுங்கிக்கொண்டான்" என்று எழுதுகிறோம். நானும் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவன்தான். ஆனால் அந்தத் தோட்டக்காரரை நாம் நினைப்பதில்லை.

கோவை மேற்கே ஒரு கிராமக் கிளையில் நான் பயிர்க்கடன் மேசையில் இருந்தேன். வாழை போட்ட ஒரு விவசாயி வந்தார். வாழை ஏறக்குறைய ஒரு வருடப் பயிர். கன்று, உரம், கூலி, முட்டுக்கம்பு எல்லாமே கடன். தார் வெட்ட இருபது நாள் இருக்கையில், ஒரே ராத்திரியில் மூன்று யானைகள் முடித்துவிட்டன.

"யானை மேல கோவமில்லீங்க சார், அதுக்குப் பசி. ஆனா உங்க வட்டிக்கு அது தெரியாதுங்களே" என்றார்.

வி.ஏ.ஓ. சான்று வாங்கி வரச் சொன்னேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். கடைசியில் கறவை மாட்டை விற்றுக் கட்டினார். ரசீது எழுதியது நான்.

யானையின் கணக்கையும் பாருங்கள். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். அதற்காக நடந்துகொண்டே இருக்கும். வழித்தடத்தில் சுவர் எழுந்தால் தோட்டத்துப் பக்கம் திரும்பும். நீலகிரி சீகூர் வழித்தடத்தில் விடுதிகள் பெருகி, வழக்கு நடந்து, வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விடுதிகளில் போய்த் தங்கியவர்கள் விவசாயிகள் அல்ல, நம்மைப் போன்றவர்கள்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. முறையான சோலார் வேலி விட்டுவிட்டு நொடிப்பொழுது மட்டுமே அடிக்கும்; விரட்டும், கொல்லாது. கரண்ட் கம்பத்திலிருந்து நேரடியாக இழுத்த கம்பி யானையையும் கொல்லும், மாடு மேய்க்கிறவரையும் கொல்லும். ஆனால் சோலார் வேலிக்குப் பராமரிப்பு வேண்டும். செடி கொடி கம்பியில் பட்டாலே வேகம் குறைந்துவிடும். தனி ஒருவரால் ஆகாது, ஊரே சேர்ந்து செய்ய வேண்டும்.

வால்பாறையில் வேறு வழி கண்டார்கள். யானை எங்கே நிற்கிறது என்று செல்போனில் தகவல், முக்கிய இடங்களில் சிவப்பு விளக்கு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருட்டில் எதிர்பாராமல் யானை முன் போய் நிற்பது குறைந்தது, உயிரிழப்பும் குறைந்தது.

என் கருத்து இதுதான். யானையைக் காப்பது எல்லோருக்கும் லாபம் என்றால், அதன் செலவை அடிவாரத்து விவசாயி தலையில் மட்டும் எழுதுவது தப்புக் கணக்கு. இழப்பீடு அடுத்த தவணைக்குள் கைக்கு வர வேண்டும். அதற்காக நம் வரிப்பணம் போனால் முணுமுணுக்கக் கூடாது.

நம்மால் ஆன இரண்டு காரியங்கள் உண்டு. மலையடிவாரத்தில் 'ஃபார்ம் பிளாட்' வாங்க நினைப்பவர்கள் ஹாகா அனுமதி, யானை வழித்தடம் இரண்டையும் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள். அந்தப் பக்கம் சுற்றுலா போனால் சாப்பாட்டுக் குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். அந்த ருசிக்குப் பழகிய யானை ஊரை விட்டுப் போகாது.

அடுத்த முறை வீடியோ வந்தால், யானைக்கு ஒரு கும்பிடு போடுங்கள். தோட்டம் யாருடையது என்றும் ஒரு வரி கேளுங்கள்.