அம்மாவின் இடுப்பும் ஒரு பதிவேடும்



சில வருடங்களுக்கு முன் இங்கே இங்கிலாந்தில் என் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுத் தொடை எலும்பின் மேல் ஒரு பந்தும், இடுப்பெலும்பில் ஒரு கிண்ணமும் பொருத்துவார்கள். ஒன்றோடொன்று உரசும் அந்த இரண்டும் எதனால் செய்யப்பட்டவை என்பதுதான் கேள்வி.

அம்மாவுக்கோ வேறு கேள்வி. "தம்பி, கோயிலிலை நிலத்திலை இருக்கலாமோ எண்டு கேள். புதுசா வந்ததையே போடச் சொல்லு."

புதியது நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாசித்த பிறகு தயக்கம் வந்தது. ரைற்றிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்ற நிபுணர் 1950களின் கடைசியில் கிண்ணத்துக்கு ரெஃப்லோனைப் பயன்படுத்தினார். ஒட்டாத தாச்சிக்குப் பூசுகிறார்களே, அதேதான். நன்றாக வழுக்கியது. ஆனால் சில வருடங்களிலேயே தேய்ந்து, அந்தத் துகள்கள் சுற்றியிருந்த தசையைக் கெடுத்தன. பலருக்குத் திரும்பவும் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. மனிதர் துகளைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்தார்! 1962 இல் பொலிஎதிலீனுக்கு மாறினார்.

2000களில் உலோகப் பந்து, உலோகக் கிண்ணம் பிரபலமாயிற்று. பந்தைப் பெரிதாக வைக்கலாம், நழுவாது என்றார்கள். அம்மா கேட்டிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பா. ஆனால் சிலருக்குக் கோபோல்ட், குரோமியத் துகள்கள் மூட்டைச் சுற்றிய தசையை அரித்தன. 2010 ஓகஸ்டில் டிபியூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் மூட்டை உலகெங்கும் மீளப்பெற்றது. பொருத்தியவர்கள் 90,000க்கும் மேல். ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு மறு சத்திரசிகிச்சை.

இதை வெளியே கொண்டுவந்ததில் அவுஸ்திரேலியப் பதிவேட்டுக்கும், 2003 இல் தொடங்கிய இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டுக்கும் பெரிய பங்குண்டு. யாருக்கு எந்த மூட்டு, எப்போது, திரும்பச் செய்தார்களா என்று எழுதி வைக்கிறார்கள்.

அந்தச் சம்மதப் படிவத்தைத்தான் அம்மாவிடம் நீட்டினார்கள். "பதிவோ? என்ரை பேர் அவைக்கு என்னத்துக்கு?" என்று பேனையை வைத்துவிட்டா. 1990களில் வெள்ளவத்தையில் தங்கியிருந்தபோது பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைக்குள் ஒளித்துவைத்துத் தூங்கிய மனிசி. அவவுக்குப் பதிவென்றால் இரவில் கதவு தட்டும் சத்தம்தான். "அம்மா, இது மூட்டைப் பிடிக்கிற பதிவு, ஆளைப் பிடிக்கிறதில்லை" என்றேன். சிரித்தா. ஆனாலும் கையெழுத்துப் போட இன்னும் பத்து நிமிடம் எடுத்தது.

வைத்தியர் சொன்னது செரமிக் பந்தும், கதிர்வீச்சால் இறுக்கிய பொலிஎதிலீன் கிண்ணமும். செரமிக்கோடு செரமிக் மிகக் குறைவாகத் தேயும், ஆனால் சிலருக்குக் கீச்சிடும், எப்போதாவது உடையும் என்றார். "நீங்கள் சொல்லுகிறதை எத்தனை வருடம் கவனித்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். கோபிக்காமல் பதிவேட்டுக் கணக்கைத் திறந்து காட்டினார்.

நிலத்தில் இருப்பதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. கோயிலில் அம்மாவுக்கு இப்போது பின்வரிசையில் ஒரு கதிரை.

உங்கள் வீட்டில் யாருக்காவது 2000களில் இடுப்பு மாற்றியிருந்தால், அது உலோகத்தோடு உலோகமா என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். நோவில்லாவிட்டாலும் இரத்தத்தில் கோபோல்ட், குரோமியம் பார்க்க வேண்டியிருக்கலாம். கடிதம் ஆங்கிலத்தில் வந்து லாச்சிக்குள் கிடக்கவும் கூடும். அதையும் ஒருக்கால் தேடிப் பாருங்கள்.