வியாசர்பாடின்னு சொல்ல எனக்கு 21 வருஷம் ஆச்சு

இன்னைக்கு கெஸ்ட் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். ஒரு பேண்ட் பத்திப் பேசப் போறேன். கூடவே எங்க வீட்டைப் பத்தியும்.

என் சொந்த ஏரியா வியாசர்பாடி. ஆனா இன்ஜினியரிங் காலேஜ்ல யார் கேட்டாலும் "பெரம்பூர்"னுதான் சொல்வேன். அது எங்கப்பா சொல்லிக் கொடுத்தது. "ஏரியா பேரைக் கேட்டதும் ஆளை எடை போட்டுடுவாங்கடா"ம்பார். கானாவும் வீட்டுல கூடாது. "சாவு வீட்டுப் பாட்டு, உனக்கு எதுக்கு?" அவ்வளவுதான் பதில்.

2018 ஜனவரி 6. அப்போ நான் ஃபைனல் இயர். கீழ்ப்பாக்கத்துல ஒரு ஸ்கூல் கிரவுண்டுல கச்சேரின்னு நண்பன் இழுத்துட்டுப் போனான். இயக்குநர் பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பேண்டோட முதல் மேடை அது. மொத்தம் 19 பேர். கானா பாடுறவங்க, ராப் பாடுறவங்க, கிட்டார், டிரம்ஸ், பறை, சட்டி எல்லாம் ஒரே மேடையில.

அந்தப் பேருக்குப் பின்னாடி அயோத்திதாச பண்டிதர் இருக்கார். 1907ல 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினவர். நூறு வருஷத்துக்கு முன்னாடி அவர் முன்வச்ச 'சாதியற்ற தமிழர்'ங்கற சிந்தனைதான் ஒரு பேண்டோட பேரா மாறியிருந்துச்சு.

மேடையில எல்லாரும் கோட் சூட்ல நின்னாங்க. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எங்கப்பா கடன் வாங்கி எனக்கு ஒரு கோட் தைச்சுக் கொடுத்திருந்தார். கோட்டு போட்டா கானாவை மறைக்கணும்னு நான் நினைச்சிருந்தேன். இவங்க கோட்டும் போட்டாங்க, கானாவும் பாடினாங்க. இடஒதுக்கீடு பத்தியே ஒரு பாட்டு இருந்துச்சு. கட்-ஆஃப் என்னன்னு கேட்டா பேச்சை மாத்திட்டு ஓடுற எனக்கு அங்க ஓட இடமே இல்ல.

அதுல பாடினவங்கள்ல இசைவாணியும் ஒருத்தர். ஆண்களே ஆண்டுக்கிட்டிருந்த கானாவுல ஒரு பொண்ணோட குரல். 2020ல பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல அவங்க பேர் வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி போன்ல எடுத்த வீடியோவை அப்பாகிட்ட காட்டினேன். திட்டு விழும்னுதான் நினைச்சேன். முழுசாப் பார்த்தார். அப்புறம் மெதுவா, "தாளம் கொஞ்சம் ஓடுது. உங்க தாத்தா இன்னும் நிதானமாப் பாடுவாரு"ன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தாத்தா பின்னி மில்லுல வேலை பார்த்தார்னு தெரியும். ஷிப்ட் முடிஞ்சு, சாவு விழுந்த வீடுகள்ல விடிய விடிய பாடுவார்ங்கறது தெரியாது. அந்தப் பாட்டுல ஒண்ணுகூட இப்ப யார்கிட்டயும் இல்ல. "எழுதி வச்சிருக்கலாமேப்பா"ன்னேன். "அதை மறக்கத்தானடா இவ்வளவு பாடுபட்டேன்"னார். அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

ஒரு கச்சேரியால ஊர் மாறிடுச்சுன்னு நான் சொல்ல வரல. ஆபீஸ்ல இன்னும் "நேட்டிவ் எது? சென்னையில எங்க?"ன்னு தோண்டுறாங்க. அந்தக் கேள்வி எங்க போய் முடியும்னு நமக்குத் தெரியும். ஆனா நம்ம வீட்டுக்குள்ளயே பேசாத ஒரு விஷயத்தை அவங்க மைக் வச்சுப் பாடினாங்க. அதனாலதான் எங்கப்பா வாயைத் திறந்தார். ஒரு கலைஞன் இதுக்கு மேல என்ன செய்யணும்?

போன மாசம் எங்க டீமுக்கு ஒரு ஃப்ரெஷர் வந்தான். எந்த ஏரியான்னு யாரோ கேட்டாங்க. "பெரம்பூர் பக்கம்ணா"ன்னான். அந்த 'பக்கம்' எனக்கு நல்லாப் புரிஞ்சுது. டீ குடிக்கப் போனப்போ, "தம்பி, நான் வியாசர்பாடி"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "எந்தத் தெருண்ணா?"ன்னு கேட்டான்.

உங்க வீட்டுல தாத்தா, ஆயா பாடின பாட்டு ஏதாச்சும் மிச்சம் இருந்தா, இன்னைக்கே போன்ல பதிவு பண்ணி வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.